காக்கா விரட்டும் கழி

இரண்டு வருடங்களுக்கு முன், சம்பா அறுவடை முடிந்து நெல்லை ஏற்றி அனுப்பிய மறுவாரம், ஒரு சனிக்கிழமை காலையில் பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்துக் கடற்கரையில் நடந்த சம்பவம் இது. சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டாலும் என் மனைவி சொல்லிவிடுவாள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் இதுவரை நாலைந்து பந்திகளில் சொல்லியாகிவிட்டது. அவள் சொல்லும்போது நான் இன்னும் மோசமான ஆளாகத் தெரிகிறேன் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குக் காட்டூர் பக்கம். நெல் விவசாயம். மாடியில் கட்டிய கொடிக்கம்பி ஒரே வருடத்தில் துருப்பிடித்துப் போகும், அவ்வளவு பக்கத்தில் கடல். ஆனாலும் என் பிள்ளைகள் மூன்று பேரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. நாற்று, நடவு, களை, அறுவடை என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்து நிற்கும். 'அடுத்த வாரம் போகலாம்' என்று நான் சொல்லிச் சொல்லியே பெரியவளுக்கு ஏழு வயதாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கடல் படம் வரைந்து வரச் சொன்னார்கள். அவள் நீலக் கலரில் தண்ணீர் போட்டு, அதைச் சுற்றி நான்கு பக்கமும் ஒழுங்காக வரப்பு கட்டி வைத்திருந்தாள். வரப்பில் ஒரு கொக்கு வேறு. என் மனைவி அந்த நோட்டை எடுத்துவந்து, என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அந்த வாரமே கிளம்பிவிட்டோம்.

ஏழு வயதுப் பெண், நான்கு வயதுப் பையன், பத்து மாதக் கைக்குழந்தை. இந்த மூன்றோடு கடற்கரைக்குப் போவதற்கும் வீடு காலி செய்துகொண்டு போவதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. புளிசோறு, உருளைக்கிழங்கு வறுவல், பால் பாட்டில், மாற்றுத் துணி, அந்த மாற்றுத் துணிக்கு ஒரு மாற்றுத் துணி, பாய், பெட்ஷீட், இரண்டு வாளி என்று என் மனைவி விடியற்காலையில் இருந்து கட்டிக்கொண்டே இருந்தாள். என்னிடம் ஒப்படைத்தது ஒரே ஒரு பொருள்தான். குடை. அதை நான் வீட்டு வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சரியாக ஏற்றிவிட்டேன்.

நெல் மூட்டை ஏற்றும் லோடு ஆட்டோவைக் கழுவி, பின்னால் பாய் விரித்து அவர்களை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனேன். பழவேற்காடு கடைத்தெருவில் பிஸ்கட் வாங்க நிறுத்தினேன். கடைக்கார பாய் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளைங்கள இட்டுக்கினு போறீங்க, மொகத்துவாரத்துப் பக்கம் தண்ணில எறங்காதீங்க. இழுப்பு ஜாஸ்தி. கரையோட வெளாடவுடுங்க"ன்னு சொன்னார். எனக்கு இதெல்லாம் தெரியாதா என்பது போலத் தலையாட்டினேன். எனக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு அப்போது என்னிடம் கொஞ்சம் இருந்தது. 'கொஞ்சம்' என்பதை என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பாலத்தைத் தாண்டி, குப்பத்தைத் தாண்டி, மணல் ஆரம்பிக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போயிருந்தார்கள். பெண்கள் மீன் ஏலத்துக்குப் போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏரித் தண்ணீர் கடலில் சேரும் முகத்துவாரம் இடது பக்கம் தள்ளித் தெரிந்தது. நாங்கள் கடைக்காரர் சொன்னபடியே அதை விட்டு விலகி, கரையில் மேடாக இருந்த இடத்தில் பாய் விரித்தோம். பக்கத்திலேயே ஒரு பள்ளத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. பிள்ளைகளுக்கென்றே யாரோ வெட்டி வைத்த மாதிரி இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

பெரியவள் கடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். பிறகு, "நைனா, இதுக்கு அந்தப் பக்கம் வரப்பு எங்க கீது?"ன்னு கேட்டாள். சின்னவன், "இத யாரு ஆட்றா?"ன்னு கேட்டான். நான் இருவர் கையிலும் வாளியைக் கொடுத்து மணல் தோண்டச் சொன்னேன். கைக்குழந்தை ஒரு பிடி மணலை வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தது, துப்பியது, மறுபடியும் ஒரு பிடி எடுத்தது. அன்று அது தின்ற மணலைக் கணக்குப் பார்த்தால் ஒரு ஆழாக்காவது தேறும்.

எட்டரை மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. குழந்தையின் கன்னம் சிவந்துபோனது. என் மனைவி கையை நீட்டினாள். "குடை."

நான் வண்டி வரை போய்த் தேடுவது போல் தேடிவிட்டுத் திரும்பினேன். அவள் முந்தானையை எடுத்துக் குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டாள். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று சுற்றும் முற்றும் பார்த்தபோதுதான் அந்தக் கழி கண்ணில் பட்டது.

எங்களுக்குப் பின்னால், மணல்மேட்டின் உச்சியில், இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு சவுக்குக் கழி தனியாக நட்டிருந்தது. நுனியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. பார்த்தவுடனே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தேன். எங்கள் வயலில் நெல் பால் பிடிக்கும் பருவத்தில் குருவி விரட்ட இப்படித்தான் கழி நட்டுத் துணி கட்டுவோம். துணி காற்றில் படபடத்தால் குருவி கிட்டே வராது. இங்கே மணலில் அங்கங்கே மீன் செதில் ஒட்டியிருந்தது. ஆக, கருவாடு காயப்போடும் இடம். காக்கா விரட்டத்தான் கழி. இன்று மீன் காயவில்லை, அதனால் கழிக்கும் வேலை இல்லை.

இதை நான் என் மனைவிக்கு விளக்கினேன். "காக்காவுக்கே இன்னிக்கி லீவு. நாம கொஞ்ச நேரம் எடுத்துக்கினா இன்னா?"

"யாரோ நட்டு வச்சிருக்காங்க. கேட்டுட்டு எடுங்க"ன்னு அவள் சொன்னாள். இதை அவள் சொன்னாள் என்பதை இங்கே நான் எழுதியே ஆகவேண்டும். எழுதாவிட்டால் வீட்டில் பிரச்சினை வரும்.

கேட்பதற்கு ஆள் இல்லை. நான் கழியைப் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. முன்னும் பின்னும் பத்து நிமிடம் ஆட்டி, சுற்றிலும் மணலைத் தோண்டி, மூச்சு வாங்க வாங்கப் பிடுங்கினேன். என் கை நீளத்துக்கு மேலேயே உள்ளே புதைந்திருந்தது. காக்கா விரட்டுவதற்கு எவனாவது இவ்வளவு ஆழமாக நடுவானா என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். நானோ, இந்த ஊர்க்காரர்கள் வேலையில் கெட்டிக்காரர்கள் என்று மனதுக்குள் பாராட்டிவிட்டு, அதைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய படகுக்குப் பக்கத்தில் கழியை நட்டு, படகு விளிம்புக்கும் கழிக்கும் இடையில் பெட்ஷீட்டைக் கட்டினேன். அருமையான பந்தல். நுனியில் இருந்த சிவப்புத் துணியைச் சின்னவன் தலையில் கட்டிவிட்டேன். அவன் ராஜா ஆகிவிட்டான். குழந்தை நிழலில் தூங்கியது. பெரியவள் அந்தத் தண்ணீர்ப் பள்ளத்தைச் சுற்றி மணலால் வரப்பு போட ஆரம்பித்தாள். புளிசோற்றைப் பிரித்தோம். என் மனைவிகூட, "பரவாயில்ல, பந்தல் சோக்காத்தான் கீது"ன்னு ஒரு வார்த்தை சொன்னாள். அந்த அரை மணி நேரத்தில் நான் இருந்த பெருமைக்கு அளவே கிடையாது.

ஒன்பதரை இருக்கும். கடலில் புள்ளி புள்ளியாகப் படகுகள் தெரிய ஆரம்பித்தன. எல்லாம் மோட்டார் வைத்த ஃபைபர் படகுகள். பிள்ளைகள் எழுந்து குதித்தார்கள். படகுகள் நேராகக் கரையை நோக்கி வந்தன. அலை உடையும் இடத்துக்குக் கொஞ்சம் அப்பால் வந்ததும் முதல் படகு நின்றது. பின்னால் வந்ததும் நின்றது. ஒவ்வொன்றாக வந்து, ஏழெட்டுப் படகுகள் அங்கேயே கூட்டமாக நின்று மேலும் கீழும் ஆடின.

"ஏன் நைனா நின்னுட்டாங்க?"

"நம்மளப் பாக்கத்தான்"னு நான் சொன்னேன். "கரையில புள்ளைங்க வெளாடறத பாத்துட்டு நிக்கிறாங்க. கைய ஆட்டுங்க."

பிள்ளைகள் கையை ஆட்டினார்கள். படகில் இருந்தவர்களும் ஆட்டினார்கள். நாங்கள் இன்னும் வேகமாக ஆட்டினோம். அவர்கள் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்கள், ஒருவர் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். என்ன பாசமான ஜனங்கள் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நானும் என் துண்டை எடுத்துச் சுழற்றினேன். நான் சுழற்றச் சுழற்ற அவர்கள் கத்தினார்கள். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் என்ன கத்துகிறார்கள் என்று காதில் விழவில்லை. விழாமல் போனதே நல்லது.

அந்த நேரத்தில் குப்பத்துப் பக்கமிருந்து ஒரு அக்கா ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் இருந்த காலி அன்னக்கூடையை வழியிலேயே வீசிவிட்டு, புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் ஓடிவந்து, நேராக மணல்மேட்டைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பிறகு பந்தலைப் பார்த்தார்.

"யோவ், கழிய புடுங்கினது நீயா?"

ஆமாம், காக்கா இல்லையே என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர் பெட்ஷீட் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். அவிழ்த்துக்கொண்டே சொன்னார். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

அலைக்கு அடியில் இந்தப் பக்கம் முழுக்க மணல் திட்டு. படகு போகிற அளவுக்கு ஆழம் ஒரு சின்னச் சந்து மாதிரிதான் இருக்கும். கடலிலிருந்து பார்த்தால் அந்தச் சந்து தெரியாது. அதனால் தண்ணீர் ஓரத்தில் ஒரு குட்டைக் கழியும், அதற்குப் பின்னால் மேட்டில் ஒரு நெட்டைக் கழியும் நட்டு வைப்பார்கள். கடலில் இருந்து வரும்போது இரண்டு கழியும் ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே கழி போலத் தெரிந்தால் படகு ஆழத்தில் வருகிறது. இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தால் திட்டின் மேல் ஏறப்போகிறது. ஆழம் இடம் மாற மாற, கழியையும் மாற்றி நடுவார்கள். நான் பிடுங்கிக்கொண்டு வந்து பெட்ஷீட் கட்டியது அந்த நெட்டைக் கழியை.

தண்ணீர் ஓரத்தில் நின்ற குட்டைக் கழியை அப்போதுதான் பார்த்தேன். அது மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் படகு கூட்டத்தை விட்டுப் பிரிந்து, குத்துமதிப்பாக உள்ளே வந்தது. ஐஸ் கரைந்துகொண்டிருந்திருக்கும், எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள். பாதி வழியில் சட்டென்று அதன் முன்பக்கம் தூக்கியது. திட்டில் தட்டிவிட்டது. பின்னால் வந்த அலை படகைக் குறுக்கே திருப்பிச் சாய்த்தது. ஒரு பக்க விளிம்பு தண்ணீரைத் தொட்டது. வலை சரிந்தது. உள்ளே இருந்த மூன்று பேரில் ஒருவர் தண்ணீருக்குள் போய், விளிம்பைப் பிடித்துத் தொங்கினார்.

அந்த அக்கா கத்தவில்லை. "அது எங்க வூட்டு போட்"னு மட்டும் சொன்னார். "தொங்கறது எம் புருசன்."

அடுத்த அலை வருவதற்குள் மற்ற இருவரும் மூங்கிலை ஊன்றித் தள்ளிவிட்டார்கள். படகு நிமிர்ந்து பின்னால் போனது. அவரையும் உள்ளே இழுத்துப்போட்டார்கள். இவ்வளவும் நான் எழுதும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் நடந்துவிட்டது.

"எங்க நட்டிருந்திச்சி? காட்டு."

கழியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். அங்கே போய்ப் பார்த்தால் குழியே இல்லை. உலர்ந்த மணல் சரிந்து மூடிவிட்டது. போதாததற்கு என் பிள்ளைகள் அங்கே ஏறி ஏறிச் சறுக்கி விளையாடியிருந்தார்கள். நான் ஒரு இடத்தைக் காட்டினேன். என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேறு ஒரு இடத்தைக் காட்டினாள். "இல்லவே இல்ல, இங்க"ன்னு பெரியவள் மூன்றாவதாக ஒரு இடத்தைக் காட்டினாள். மூன்றுக்கும் நடுவில் பதினைந்து இருபது அடி வித்தியாசம். போன் பண்ணலாமே என்றேன். போனெல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பெட்டிக்குள் இருக்கும், அலையில் யார் எடுப்பார்கள் என்றார் அக்கா.

வழி கண்டுபிடித்தது கடலில் இருந்தவர்கள்தான். தண்ணீரில் விழுந்த அந்த அண்ணனே படகின் முனையில் ஏறி நின்றார். இன்ஜினை மெதுவாக வைத்துக்கொண்டு, மூங்கிலைத் தண்ணீரில் குத்திக் குத்தி ஆழம் பார்த்தபடி இன்ச் இன்சாக உள்ளே வந்தார்கள். இரண்டு முறை பின்னால் போய், தள்ளி, மறுபடி வந்தார்கள். மூன்றாவது முறை அவர் மூங்கிலைத் தலைக்கு மேல் குறுக்கே தூக்கிக் காட்டினார்.

"ஆழம் கெடைச்சிட்ச்சி"ன்னு அக்கா மூச்சு விட்டார். "இப்போ அவரு கை காட்ற பக்கம் கழியத் தூக்கிக்கினு நட. ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சா நிறுத்துவாரு. அந்த எடத்துல இருந்து நவுறக் கூடாது."

நுனியில் கட்டச் சிவப்புத் துணி வேண்டும். ராஜாவின் தலையைத் தேடினால் தலை வெறுமையாக இருந்தது. துணியை எங்கே புதைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. பெட்ஷீட்டையே கட்டினோம். மஞ்சள் கலரில் யானைப் படம் போட்ட பெட்ஷீட். அதை மேலே தூக்கியதும் காற்று பிடித்து என்னையும் சேர்த்து இழுத்தது. இருபத்தைந்து வருடமாக எழுபத்தைந்து கிலோ மூட்டை தூக்கிப் பழகிய எனக்கு, அந்த ஒரு கழியை நேராகப் பிடிக்கத் தெரியவில்லை. அக்கா ஒரு பக்கம் பிடித்தார். பெரியவள் கீழே மண்டியிட்டுக் கழியின் அடியைக் கட்டிக்கொண்டாள். சின்னவன் என் காலைக் கட்டிக்கொண்டான். அதனால் பிரயோஜனம் ஒன்றும் இல்லை, ஆனால் விடமாட்டேன் என்றான்.

என் மனைவி கடலைப் பார்த்து நின்று சைகையைப் படித்துச் சொன்னாள். "வடக்கால. இன்னும் வடக்கால. ஐயோ, போதும், தெக்கால ஒரு அடி." பதினொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் சொன்ன இடத்தில், சொன்னபடி, எதிர்த்துப் பேசாமல் நான் நின்றது அன்றுதான். மூங்கில் மறுபடி தலைக்கு மேல் குறுக்கே எழுந்தது. நின்றோம்.

குழி தோண்டி நட நேரம் இல்லை. படகுகள் வர ஆரம்பித்துவிட்டன. நாங்களே கழியாக நின்றோம். முதலில் அந்த அக்கா வீட்டுப் படகு. அலை அதைத் தூக்கியது, இறக்கியது. அதிலிருந்த மூவரும் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். கண்ணை எடுக்கவே இல்லை. என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி உற்றுப் பார்த்ததில்லை. நான் ஒரு அடி நகர்ந்தால் அவர்கள் படகு திட்டில் ஏறும் என்கிற நினைப்பில் எனக்கு மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது. மூக்கில் வியர்வை வழிந்து அரித்தது. துடைக்கவில்லை. அலைகளைத் தாண்டியதும் படகு எங்களுக்கு இடது பக்கமாகத் திரும்பி முகத்துவாரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போனது. அக்கா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு"ன்னு எண்ணினார்.

பெரியவளும் எண்ண ஆரம்பித்தாள். இரண்டு, மூன்று, நான்கு. பின்னால் வந்தவற்றையும் சேர்த்து மொத்தம் பதினான்கு படகு. கடைசிப் படகு உள்ளே போனதும் என் கை தானாகக் கழன்று தொங்கியது. யானை பெட்ஷீட் எங்கள் எல்லோர் தலையிலும் விழுந்தது.

இனிமேல்தான் எனக்கு இருந்தது. படகைக் கட்டிவிட்டு ஆண்கள் மேட்டை நோக்கி வந்தார்கள். அந்த அண்ணன் முன்னால் வந்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. நேராக மனைவியிடம் கேட்டார். "கழி இன்னா ஆச்சி?"

இன்னொருவர் கோபமாக, "இந்த வாரம் உங்க வூட்டு மொறைதான? எங்க போயிருந்தீங்க?" என்றார். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக் கழியைப் பார்த்துக்கொள்வார்களாம். அந்த வாரம் இவர்கள் முறை. முந்தின நாள் மீனை ஏலத்தில் போட்டுவிட்டு வர அந்த அக்கா போன நேரத்தில்தான் நான் என் வேலையைக் காட்டியிருக்கிறேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மணல் அப்பிய முகத்தோடு என் காலைக் கட்டிக்கொண்டு நின்ற சின்னவனைப் பார்த்தார். "காத்துல சாஞ்சிடுச்சி"ன்னு சொன்னார். "நான்தான் வந்து பாக்கல. இவங்கதான் கூட நின்னு புடிச்சாங்க."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரம் எனக்கு வந்த முதல் நினைப்பு 'அப்பாடா' என்பதுதான். பிள்ளைகள் முன்னால் அவமானப்படாமல் தப்பித்தோம் என்று நிம்மதியாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை. என் மனைவி என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கும் நான் அசையவில்லை.

கூட்டத்தில் வயதில் மூத்தவர் ஒருவர் அந்த அண்ணனிடம் சொன்னார். "பதினாலு போட் உசுரு அதுல கீது. பாத்துக்க முடியலன்னா சொல்லிடு. உங்க வூட்டு மொறைய வேற யாருக்காச்சும் மாத்திக் குடுத்துடலாம்." அந்த அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தண்ணீரில் தொங்கியபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை. ஊரில் ஒருவனிடமிருந்து தண்ணீர் பாய்ச்சும் முறையைப் பிடுங்கினால் அவன் எப்படிக் கூனிப்போவான் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"காத்து இல்லீங்க. நான்தான் புடுங்கினேன்."

எல்லோரும் திரும்பினார்கள். நான் முழுவதையும் சொன்னேன். குடையை மறந்தது, குழந்தைக்கு வெயில், வயலில் குருவி விரட்டுவது, இங்கே காக்கா விரட்டுவது என்று நினைத்தது, அவர்கள் கையாட்டியதைப் பாசம் என்று நினைத்துத் துண்டைச் சுழற்றியது. சொல்லும்போதே எவ்வளவு முட்டாள்தனம் என்று எனக்குக் கேட்டது.

"இன்னாது? காக்காவா?"ன்னு யாரோ ஒருவர் கேட்டார். ஒருவர் சிரித்தார். அது அப்படியே பரவி, சட்டையைச் சுழற்றியவர் மணலிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் கழி எங்கடான்னு ஆட்றேன், இந்தாளு துண்ட சுத்தறான்டா"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்காவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அந்த அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என் கிட்டே வந்து, கோபம் இல்லாமல்தான் கேட்டார். "தம்பி, நீங்க இல்லாத நேரம் எங்க புள்ளைங்க உங்க வயலுக்கு வந்து, தண்ணில வெளாட சோக்கா கீதுன்னு மடையத் தொறந்துவுட்டா இன்னா பண்ணுவீங்க?"

கட்டையை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் தோளில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "வுடு. கடைசில நேரா நின்ன"ன்னு சொன்னார்.

பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. படகுகள் கரை சேர்ந்ததும், கழி பார்க்கும் வீட்டுக்கு ஒவ்வொரு படகும் ஒரு மீன் கொடுப்பது அங்கே வழக்கமாம். அன்று அவர்கள் வீட்டுப் படகு போக, மற்ற படகுகளிலிருந்து அக்காவின் கூடையில் பதிமூன்று மீன் விழுந்தது. காணாங்கத்தை, கவலை, ஒரு பெரிய வவ்வால் மீன். அவர் என் பெண்ணைக் கூப்பிட்டு, "கழிய அடியில புடிச்சது நீதான?"ன்னு கேட்டு, அந்த வவ்வாலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்றேன். "உனக்கு யாரு குடுத்தா? புடிச்சவளுக்குக் குடுக்கறேன்"னு சொல்லிவிட்டார். வண்டியில் வரும் வழியெல்லாம் அவள் அந்த மீனைத் தம்பியைத் தொடவே விடவில்லை.

அடுத்த வாரம் எங்கள் ஊர்ச் சவுக்குத் தோப்பில் வளையாத கழியாக இரண்டைத் தேர்ந்தெடுத்து வெட்டி, சிவப்புத் துணி ஒரு கெஜம் வாங்கிக்கொண்டு போனேன். குப்பத்துப் பிள்ளைகள் வண்டியைப் பார்த்ததும், "காக்கா மாமா வந்துட்டாரு"ன்னு கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இப்போது அறுவடைக்கு அறுவடை அவர்களுக்கு எங்கள் வீட்டு அரிசி போகிறது, அங்கிருந்து மீன் வருகிறது. என் பிள்ளைகள் அவர்களை அத்தை, மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். குடையை மட்டும் இப்போது என் மனைவியே எடுத்து வைத்துக்கொள்கிறாள்.

அன்று கரையில் நின்று பார்த்த எனக்கு அது வெறும் சவுக்குக் கழியாகத்தான் தெரிந்தது, அதை நம்பி வந்தவர்கள் கடலில் இருந்தார்கள். இப்போதும் எங்கேயாவது கேட்பாரற்று ஒரு பொருள் நிற்பதைப் பார்த்தால், கையை நீட்டுவதற்கு முன் ஒருமுறை எதிர்ப்பக்கம் திரும்பி, தூரத்திலிருந்து யாராவது அதையே பார்த்துக்கொண்டு வருகிறார்களா என்று பார்த்துக்கொள்கிறேன்.